திறந்து கிடந்த எஞ்சின்

அண்ணனின் காரியம் முடிந்த மறுநாள் காலை, வாசலில் நின்று யாரோ அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே முகத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பினாள். நான் எழுந்து போனேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத கூரியர்காரர் தட்டையான அட்டைப் பார்சல் ஒன்றை நீட்டி, அந்தப் பெயர்க்காரர் நான்தானா என்று கேட்டார். பின்னாலிருந்து அண்ணி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே போகவில்லை. போர்டிகோவிலேயே நின்று நகத்தால் டேப்பைக் கிழித்தார். ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய தகடு ஒன்று வெளியே வந்தது. வரிசையாக நான்கு பெரிய வட்டத் துளைகள், அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னதாக நிறையத் துளைகள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அண்ணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துளைகளின் வழியே அவர் முகத்தில் விழுந்த வெயில் வட்டங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

அது அண்ணன் தன் காருக்காகத் தருவித்த ஹெட் கேஸ்கெட். எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் அதன்மேல் உட்காரும் தலைப்பாகத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு தகடு, அவ்வளவுதான். தண்ணீர் தண்ணீரின் வழியிலும் ஆயில் ஆயிலின் வழியிலும் போவது அந்தத் தகட்டை நம்பித்தான். அது எங்கேயாவது விட்டுவிட்டால் இரண்டும் கலந்து ஆயில் மோர் மாதிரி வெளுத்துப்போகும், எஞ்சின் கொதித்துவிடும். கார், ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, துணிக் கூரை, தரையை ஒட்டின உடம்பு. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவர் கொண்டுவந்து, சில வருடம் ஓட்டிவிட்டுச் சலித்துப்போனதை அண்ணன் வாங்கியிருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாகங்களை வார்க்கும் அச்சு செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு டிசைன் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க வேண்டுமென்றால் காரின் அடியில்தான் பார்க்க வேண்டும். எங்கள் மேனாம்பேட்டுத் தெருவில் அந்தக் காருக்குச் 'செருப்பு வண்டி' என்று பெயர். கேஸ்கெட் போனதும் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னோம். கேட்கவில்லை. தன் கண் முன்னால் நடக்காத வேலையை அவன் நம்பமாட்டான். போர்டிகோவில் நிறுத்தி, எஞ்சினின் தலையைத் தானே கழற்றி மரப்பலகை மேல் வைத்துவிட்டு, புதுத் தகடு வரக் காத்திருந்தான்.

அப்படிக் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில்தான் அது நடந்தது. எஞ்சினுக்குள் குனிந்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டான். நான் சொம்போடு வருவதற்குள் காரின் முன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் சரிந்திருந்தான். அண்ணி பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தவில்லை, பதறவில்லை. அவனைச் சிமெண்டுத் தரையில் நேராகப் படுக்கவைத்து, மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கத் தொடங்கினார். வாய்விட்டு எண்ணிக்கொண்டே அமுக்கினார். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. எதிர்வீட்டுக்குத் தண்ணீர் கேன் போட வந்த குட்டியானையில், அந்தச் சின்ன லோடு வண்டியின் பின்பக்கத்தில், அண்ணனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது என்றார்கள். அவனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவர்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள்தான், குழந்தை இல்லை. அப்பா முன்னமே போய்விட்டதால் வீட்டில் மிஞ்சியது அம்மா, அண்ணி, நான்.

நாலாவதாக அந்தக் கார். அதன் மூடி திறந்தபடியே இருந்தது. உள்ளே நான்கு குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன, அவற்றின்மேல் அண்ணன் போட்ட பழைய துண்டு அப்படியே கிடந்தது. வீட்டுக்குள் வருகிறவர்களும் போகிறவர்களும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அம்மா பின்வாசல் வழியாகப் போய்வரத் தொடங்கினாள். மகனைத் தின்றது அந்த வண்டி என்று அவள் முடிவு செய்திருந்தாள். பெரிய டாக்டர்கள் சொன்ன ரத்தக்குழாய் அடைப்பெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் அதன்மேல் குனிந்தான், நிமிரவில்லை, அதற்குமேல் என்ன காரணம் வேண்டும். கேஸ்கெட் வந்த அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அந்த வண்டி இந்த ஊட்ல உறுமுச்சினா, அன்னிக்கு நான் வெளிய போய்டுவேன்." அண்ணியைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அது யாருக்கென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எதையும் தள்ளிப்போடாத மனிதர். அடுத்த வாரமே காயலாங்கடைக்காரரை இழுவை வண்டியோடு அழைத்துவந்துவிட்டார். வண்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் வேலை முடிந்தது. அண்ணி காலை டியூட்டிக்குக் கிளம்பி, பையோடு கேட்டுக்கு அருகில் வந்திருந்தார். மாமா பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். பார்க்கப் பார்க்க அக்காவுக்கு உடம்பு கெட்டுப்போகிறது என்றார், உனக்கு மட்டும் நல்லதா என்றார். அண்ணி கேட்டைச் சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றார். "ஆபரேஷன் பாதியில இருக்கிற ஆள யாராவது வெளிய தூக்கிட்டுப் போவாங்களா மாமா? மூடாம அனுப்ப மாட்டேன்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். காயலாங்கடைக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது போலிருக்கிறது. வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணி சமைத்ததை அம்மா தொடவில்லை. தனக்கென்று ஒரு சின்னக் குக்கரை வைத்துக்கொண்டாள். ஒரே அடுப்பில் இரண்டு சமையல் நடந்தது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடிக்காமல் நகரப் பழகிக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால், அண்ணிக்கு அந்தக் கார் பிடித்ததே இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, சேலை கட்டிக்கொண்டு ஏற முடியாது, மழை வந்தால் ஒழுகும் என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அதை ஓட்டக் கற்றுக்கொண்டதுகூட அவன் தொல்லை தாங்காமல்தான். அப்படிப்பட்டவர் எதற்காக இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பட்டறைக்காரர் ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்து முடித்துவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். "நீ கூட நில்லு தம்பி, போதும்" என்றார். நான் திருவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்பானரின் எந்தப் பக்கம் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் போனில் வைத்திருந்த கார் கம்பெனியின் ரிப்பேர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நான் படித்துச் சொல்வது, அவர் செய்வது என்று ஆயிற்று. அவருக்கு லீவு கிடைக்கும் நாட்களில் வேலை.

அவர் வேலை செய்கிற விதம் வேறு மாதிரி இருந்தது. முதலில் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். வெளுத்த பெட்ஷீட் ஒன்றை விரித்து, ஸ்பானர்களைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினார். கழற்றிய போல்ட்டுகளை எந்தத் துளையிலிருந்து வந்தனவோ அந்த வரிசையிலேயே ஆஸ்பத்திரித் தட்டில் நிறுத்தினார். ஏன் என்று நான் கேட்டால் மட்டும் காரணம் சொல்வார். துணிக்கு மட்டும் தனிச் சட்டம் இருந்தது. எஞ்சினைச் சுரண்டும்போது தூசி உள்ளே விழாமல் ஒவ்வொரு துளையிலும் துணி அடைக்க வேண்டும். அதற்கு அண்ணனின் பச்சைக் கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்றை எடுத்துவந்து, ஒரே அளவுத் துண்டுகளாகக் கிழித்தார். கிழிக்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்கட்டில் இருந்த அம்மாவுக்கு அந்தக் கிழிகிற சத்தம் கேட்டிருக்கும். துண்டுகளை எண்ணி, எண்ணிக்கையைச் சாக்பீஸால் சுவரில் எழுதச் சொன்னார். தியேட்டரில் அப்படித்தான் என்றார். வயிற்றைத் திறக்கும் முன் எத்தனை துணி, மூடும் முன் எத்தனை துணி, தைத்து முடித்தபின் எத்தனை துணி. ஒன்று குறைந்தாலும் டாக்டர் நகர முடியாது. 'கவுண்ட் சரி' என்று நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவரை யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

எஞ்சினின் தலையைப் பூந்தமல்லியில் ஒரு பாயின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். கொதித்துப்போன தலை லேசாக வளைந்திருக்கும், அதைச் சமமாக இழைக்க வேண்டும். விரிசல் இருந்தால் இழைத்தும் பயனில்லை, அத்தோடு எல்லாம் முடிந்தது. பாய் அதை மண்ணெண்ணெயில் கழுவி, ஏதோ சிவப்புத் திரவத்தைப் பூசித் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி தூவி வெயிலில் வைத்தார். விரிசல் இருந்தால் கோடு தெரியும் என்றார். அண்ணி பெஞ்சில் உட்காரவில்லை. எக்ஸ்ரே வருவதற்குக் காத்திருக்கிற வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றுகொண்டே இருந்தார். கோடு தெரியவில்லை. பாய் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார் போல. இழைத்து முடித்துக் கொடுக்கும்போது மெதுவாக, இதை இங்கேயே விட்டால் தானே வந்து பூட்டித் தருவதாகச் சொன்னார். அண்ணி நன்றி சொல்லிவிட்டுத் தலையைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அதைக் கையால் அணைத்துக்கொண்டார்.

மூடும் நாள் வந்தது. ஐப்பசி மழை அன்று காலையில்தான் கொஞ்சம் விட்டிருந்தது. போர்டிகோ ஓரத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தோம், அதன் மடிப்பில் தேங்கிய தண்ணீர் காற்றடிக்கும்போதெல்லாம் சளக்கென்று கொட்டியது. குழிகளிலிருந்த துணிகளை அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட, நான் எண்ணினேன். சுவரில் இருந்த எண்ணும் தட்டில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. பிறகு புத்தகத்தில் ஒரு எச்சரிக்கை இருப்பதைப் பார்த்தேன்: போல்ட் துளைகளில் சொட்டு ஆயில்கூட இருக்கக்கூடாது. அதனால் தட்டிலிருந்த துணிகளையே மறுபடி எடுத்து, திரி மாதிரி முறுக்கி, ஒவ்வொரு துளையாகத் துடைத்தோம். கை கழுவிக்கொண்டு ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தோம். தகட்டை வைத்தோம். தலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரே மூச்சில், நேராக இறக்கினோம். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு என்று புத்தகம் சொன்ன வரிசையில் நான் சொல்லச் சொல்ல அண்ணி போல்ட்டுகளை முறுக்கினார். ஒரு சுற்று, பிறகு இன்னும் இறுக்கமாக ஒரு சுற்று, பிறகு கடைசிச் சுற்று. அளவு வந்ததும் ரெஞ்ச் டக்கென்று ஒரு சத்தம் போடும். கடைசி டக் கேட்டதும் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணி உட்காரவில்லை. தட்டை எடுத்து மறுபடி எண்ணினார். ஒன்று குறைந்தது.

முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்றில் பறந்திருக்கும் என்றேன். தார்ப்பாய்க்கு அடியில், காருக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், சாக்கடை வரை தேடினோம். மூடியைத் தூக்கிக்கொண்டு நின்ற காரின் ஒவ்வொரு இடுக்கிலும் டார்ச் அடித்தோம். பெட்ஷீட்டை உதறினோம். பச்சைக் கட்டம் எங்கும் இல்லை. பிளக் மாட்டும் ஓட்டைகள் வழியாக நான்கு குழிகளுக்குள்ளும் பார்த்தேன், அங்கும் இல்லை, சொன்னேன். ஆயில் இறங்கும் வழி, தண்ணீர் போகும் வழி, அதெல்லாம் எப்படிப் பார்ப்பாய் என்று அண்ணி கேட்டார். துணி அவற்றில் ஒன்றில் இருந்தால் எஞ்சின் ஓடின சில நிமிடத்தில் ஆயில் நின்று எல்லாம் இறுகிப்போகும். இல்லாமலும் இருக்கலாம். ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட்டை மறுபடி போடக்கூடாது என்று நான்தான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். திறந்தால் அது வீண். அண்ணன் தேடித் தருவித்தது, அவன் பேருக்கு வந்தது. இன்னொன்று எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்றே தெரியாது. இவ்வளவையும் நான் சத்தமாகச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவும் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம், அண்ணி, ஒரு துணிதானே என்றேன். அவர் கையிலிருந்த ரெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கவுண்ட் தப்பா இருக்கு தம்பி. நான் மூட மாட்டேன்."

இறுக்கிய வரிசைக்கு நேர் தலைகீழாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, போல்ட்டுகளைத் தளர்த்தினார். ஒவ்வொன்றும் விடும்போது எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நாங்கள் தலையைத் தூக்கி எடுத்தோம். புதுத் தகட்டில் நசுங்கின வட்டங்கள் அழுத்தமாகத் தெரிந்தன. ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்த்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தார். எதிலும் எதுவும் இல்லை. கடைசித் துளையையும் பார்த்துவிட்டு நிமிர்ந்து டார்ச்சை அணைத்தார். அப்போதுதான் முன்வாசல் கதவு திறந்தது. அண்ணன் போனதிலிருந்து அம்மா அந்தக் கதவைத் திறந்ததில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்து உள்ளிருந்து ஒரு துணியை எடுத்தாள். பச்சைக் கட்டம். கறையைக் கழுவி, அடுப்புச் சூட்டில் காயவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தாள்.

நாங்கள் கை கழுவப் போன நேரத்தில் எடுத்திருக்கிறாள். அவன் லுங்கியைக் குப்பைத் துணியாக்கிவிட்டார்களே என்று வயிறு எரிந்து ஒரு துண்டாவது இருக்கட்டும் என்று எடுத்ததாகச் சொன்னாள். நாங்கள் எண்ணுவோம் என்று அவளுக்குத் தெரியாது. தேடத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது. "சொல்லியிருக்கலாம். சொல்லல. அது ஓடக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். குரலில் வருத்தமோ சண்டையோ எதுவும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசியிருப்பேனோ தெரியாது, வாயைத் திறந்துவிட்டேன். அண்ணி என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். கையைப் பெட்ஷீட்டில் துடைத்துக்கொண்டு அம்மா அருகில் போனார். இத்தனை நாளில் அவர்கள் இருவரும் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. மடித்த துணியை அம்மாவின் கையிலேயே வைத்து விரல்களை மூடினார். "வெச்சிக்கங்க அத்தே. எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார். பிறகு சுவருக்குப் போய், அண்ணன் லுங்கியின் கணக்குக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு சரி போட்டார். அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். சாவு வீட்டில் அழுத அழுகை இல்லை அது. நாங்கள் பார்க்கிறோம் என்று அடக்கிக்கொள்ளாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தொடவில்லை.

இரண்டாவது கேஸ்கெட்டைப் பூந்தமல்லி பாய்தான் யார் யாரையோ பிடித்து வரவழைத்துக் கொடுத்தார். அது வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. அந்த இடைவெளியில் வீடு மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சின்னக் குக்கர் சில நாள் எடுக்கப்படாமல் இருக்கும், சில நாள் மறுபடி அடுப்பில் இருக்கும். அண்ணி பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதுதான் நல்லது என்று மாமா வந்து பேசினார். அண்ணியும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அம்மா முன்வாசல் வழியாகப் போகத் தொடங்கினாள். ஒருநாள் துண்டை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்து, இந்தக் குழியெல்லாம் எதற்கு என்று என்னிடம் கேட்டாள். தெரிந்த அளவில் சொன்னேன். எரியும், மேலே கீழே போகும், அதனால் சக்கரம் சுற்றும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

இந்த முறை மூடியபோது கவுண்ட் சரியாக இருந்தது. ஒன்று அம்மாவிடம் என்பதையும் சேர்த்து அண்ணி வாய்விட்டுச் சொன்னார். வால்வுகளை இயக்கும் பல் வைத்த பெல்ட்டை மாட்டி, புத்தகம் சொன்னபடி எஞ்சினை ஸ்பானரால் கையால் சுற்றிப் பார்க்கும்போது, முக்கால் சுற்றில் ஏதோ தட்டி நின்றது. வால்வும் பிஸ்டனும் மோதினால் அப்படித்தான் இருக்கும், அதற்குமேல் பலம் கொடுத்தால் வளைந்துவிடும் என்று புத்தகத்தில் இருந்தது. அண்ணி ஸ்பானரைப் பின்னால் எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, குறிகளை மறுபடி பார்த்தார். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தோம். மறுபடி மாட்டிச் சுற்றினார். தட்டவில்லை. தண்ணீர் ஊற்றி, ஆயில் ஊற்றி, பேட்டரியை மாட்டிவிட்டு, அண்ணி காருக்குள் இறங்கி உட்கார்ந்து சாவியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா துளசித் தொட்டி பக்கத்தில் நின்றிருந்தாள். சொன்ன சொல் அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். பிறகு அவள் போய் கேட்டின் தாழ்ப்பாளை எடுத்தாள். "எங்கயாவது ஓட்டிக்கினு போ. இங்க நின்னுக்கினு உறுமாத" என்றாள். அண்ணி சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை இருமி, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.

நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். என் வேலை வெப்பத்தைக் காட்டுகிற முள்ளைப் பார்ப்பது மட்டும். பாதியைத் தாண்டினால் உடனே சொல்ல வேண்டும், அவர் உடனே நிறுத்த வேண்டும். திருவேற்காடு தாண்டும் வரை முள் அடியில் கிடந்தது. பூந்தமல்லி நெரிசலில் மாட்டிக்கொண்டபோது ஏறத் தொடங்கியது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், எங்கள் தலை அவற்றின் சக்கர உயரம்கூட இல்லை. முள் பாதியைத் தொட்டது. நான் சொன்னேன். ஒதுங்க இடமே இல்லை. அப்போது எஞ்சினுக்கு முன்னால் விசிறி சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. முள் அங்கேயே நின்றது, பிறகு மயிரிழை கீழே இறங்கியது. நசரத்பேட்டையைத் தாண்டி, பெங்களூர் ரோட்டில் வெறிச்சென்ற ஓர் இடத்தில் டீக்கடையைப் பார்த்து நிறுத்தினோம். அண்ணி இறங்கி மூடியைத் தூக்கினார். எங்கும் ஒழுகல் இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்த்தார், தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அந்தக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அன்னிக்கு அவர வண்டில ஏத்துறப்போ நான் கைய எடுத்துட்டேன் இல்ல தம்பி. எவ்ளோ நேரம் எடுத்துட்டேன்?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. கேன் வண்டியில் ஏற்றிய அந்த நேரத்தைக் கேட்கிறார். அவருக்குத் தரையில் அமுக்கியது நினைவிருக்கிறது, ஆஸ்பத்திரி வெள்ளை விளக்கு நினைவிருக்கிறது, நடுவில் வழி முழுக்க வெறும் கையோடு உட்கார்ந்திருந்துவிட்டோமோ என்றுதான் இத்தனை மாதமும் இருந்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். நான் பார்த்ததைச் சொன்னேன். தூக்கி வைத்த அந்த ஒரு கணம்தான் அவர் கையை எடுத்தார். வண்டி கிளம்புவதற்கு முன்பே பலகையில் முட்டி போட்டு அண்ணன்மேல் குனிந்துவிட்டார். "ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்க நிறுத்தவே இல்ல அண்ணி. காலி கேன் உருண்டு உருண்டு வந்து உங்க முட்டில இடிச்சிக்கினே இருந்துது, அதக்கூட நீங்க தள்ளல. ஸ்ட்ரெச்சர்ல வெக்கறப்போ ரெண்டு பேரு உங்கள இழுத்துத்தான் எடுத்தாங்க" என்றேன். அண்ணி குனிந்து தன் முட்டியைப் பார்த்தார். "அங்க ஒரு காயம் இருந்துச்சு" என்றார். "எப்படி வந்துச்சுன்னே தெரியாம மருந்து போட்டுட்டு இருந்தேன்."

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது என்று எனக்கே அதுவரை தெரியாது. அண்ணி இப்போது ஆவடியில் இருக்கிறார். சில வருடம் கழித்து அம்மாவே முன்னால் நின்று அவருக்கு மறுமணம் செய்துவைத்தாள், வண்டியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். பெரிய ஆபரேஷன் தியேட்டர் ஒன்றுக்கு அவர்தான் இப்போது பொறுப்பாளர். அவருக்குக் கீழே வேலை பார்க்கிற நர்ஸ்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள் என்று கேள்வி. அன்று நசரத்பேட்டையில் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். பூந்தமல்லி சிக்னலில் நிற்கும்போது அண்ணி ரோட்டைப் பார்த்தபடியே, அந்தக் கேன் வண்டியில் நடந்ததை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். முதலிலிருந்து சொன்னேன். பச்சை விளக்கு விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் முடிக்கும் வரை அவர் வண்டியை எடுக்கவில்லை.